நாலாவது தாரமும் நாடு தாண்டிய கடிதங்களும்: மார்த்தா – ஆங்கஸ் கேனன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்கும் யாருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இது?

அமெரிக்காவின் யூட்டா பகுதியில், சால்ட் லேக் சிட்டியில் வாழ்ந்த மார்மன் தலைவர் ஆங்கஸ் மன் கேனனுக்கும் அவருடைய நான்காவது மனைவி டாக்டர் மார்த்தா ஹ்யூஸ் கேனனுக்கும் இடையே. மார்மன் என்பது அந்தக் காலத்தில் பலதார மணத்தைக் கடவுள் வகுத்த முறையாகக் கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு; அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம். முக்கியமான கடிதங்கள் எல்லாம் 1886 முதல் 1888 வரை எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் மார்த்தா கைக்குழந்தையோடு இங்கிலாந்தில் ஒளிந்திருந்தார். ஆங்கஸ் யூட்டாவில், மத்திய அரசின் மார்ஷல்கள் (கைது செய்யும் அதிகாரிகள்) எப்போது கதவைத் தட்டுவார்களோ என்ற நிலையில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் 1834இல் லிவர்பூலில் பிறந்தவர், இவர் 1857இல் வேல்ஸில் லாண்டட்னோ ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். இருபத்து மூன்று வயது வித்தியாசம்.

இதில் அரசியல்வாதி யார்? கணவரா, மனைவியா?

இரண்டு பேருமே. ஆங்கஸ் 1860களில் தெற்கு யூட்டாவில் புதிதாக உருவான செயின்ட் ஜார்ஜ் ஊரின் முதல் மேயர். பிறகு 1876 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சால்ட் லேக் பகுதி மார்மன் சபைக்குத் தலைவராக இருந்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் சபைப் பதவிக்கும் அரசியல் பதவிக்கும் நடுவே பெரிய சுவர் எதுவும் கிடையாது. அவருடைய அண்ணன் ஜார்ஜ் கியூ. கேனன் வாஷிங்டனில் யூட்டாவின் பிரதிநிதியாகப் பத்தாண்டு இருந்தவர்.

ஆனால் வரலாற்றுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் பெயர் வந்தது மார்த்தாவுக்குத்தான். 1896இல் அமெரிக்காவிலேயே மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். (அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது, பொறுங்கள்.)

படித்த டாக்டர், எதற்காக நாலாவது தாரமாகப் போனார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அவருடைய பின்னணியைத் தெரிந்துகொண்டால் கேள்வி இன்னும் கடினமாகும்.

மார்த்தாவின் பெற்றோர் வேல்ஸில் மார்மன் மதத்துக்கு மாறி, பிள்ளைகளோடு கப்பலேறி 1861இல் யூட்டா வந்து சேர்ந்தவர்கள். வரும் வழியில் சமவெளியிலேயே ஒரு தங்கைக் குழந்தை இறந்தது. ஊர் வந்து மூன்றே நாளில் அப்பாவும் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பதினான்கு வயதில் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த மார்த்தா, அப்புறம் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குப் போனார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துக் கல்லூரி, அதன்பின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். விடுதியில் பாத்திரம் கழுவி, படுக்கை விரித்துப் படித்தார் என்பார்கள். 1880இல், தன் இருபத்து மூன்றாவது பிறந்தநாளில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதோடு நிற்காமல் பிலடெல்பியாவுக்குப் போய்ப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இன்னொரு பட்டம், கூடவே மேடைப் பேச்சுக்கலையிலும் ஒரு பட்டம். டாக்டருக்கு மேடைப் பேச்சு எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம், பதினைந்து வருடம் கழித்துக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் டெசரட் ஆஸ்பத்திரியில் உறைவிட மருத்துவர் வேலை. மார்மன் பெண்களே 1882இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே இருந்த நாட்களில்தான் ஆங்கஸோடு பழக்கம். 1884 அக்டோபரில் ரகசியமாகத் திருமணம். பலதார மணத்துக்குச் சிறைத்தண்டனை என்று 1862இலேயே சட்டம் இருந்தது, அது இன்னும் கடுமையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, அதுவும் தெரிந்தேதான் செய்துகொண்டார்.

ஏன்? இரண்டு காரணங்கள் கடிதங்களில் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று நம்பிக்கை: இது கடவுள் வகுத்த முறை என்று அவர் மனதார நம்பினார். இன்னொன்று, அந்த மனிதர்மீது அவருக்குக் காதல் இருந்தது. "பாவம், ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள்" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

சரி, ஊரைவிட்டு எதற்கு ஓடினார்? குற்றம் செய்தவர் கணவர்தானே?

1882இல் வந்த எட்மண்ட்ஸ் சட்டம் ஒரு தந்திரம் செய்தது. இரண்டாவது, மூன்றாவது திருமணம் நடந்ததை நிரூபிப்பது கஷ்டம். மார்மன் திருமணங்கள் மூடிய கதவுக்குள் நடந்தன, சாட்சிகள் வாய் திறக்கமாட்டார்கள், பதிவேட்டையும் காட்டமாட்டார்கள். அதனால் திருமணத்தை நிரூபிக்கவே தேவையில்லாத ஒரு புதுக் குற்றத்தைச் சட்டம் உண்டாக்கியது: ஒரு ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு மனைவி என்ற முறையில் சேர்ந்து வாழ்ந்தாலே போதும், ஆறு மாதம் வரை சிறை, 300 டாலர் வரை அபராதம்.

சேர்ந்து வாழ்ந்தார் என்பதற்கு மனைவியும் குழந்தையும்தான் சாட்சி. 1885 செப்டம்பரில் மார்த்தாவுக்கு மூத்த மகள் எலிசபெத் பிறந்தாள். அந்தக் குழந்தை தொட்டிலில் கிடப்பதே ஆங்கஸுக்கு எதிரான ஆதாரம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது, பலரும் கவனிக்காதது. மார்த்தா பிரசவம் பார்க்கும் டாக்டர். ஊரில் எத்தனையோ இரண்டாம், மூன்றாம் தாரங்களுக்கு அவர்தான் பிள்ளைப்பேறு பார்த்திருந்தார். எந்தப் பெண்ணுக்கு எப்போது குழந்தை பிறந்தது, அப்பா யார் என்று கூண்டில் ஏற்றிக் கேட்டால் அவர் ஒருவர் வாயிலிருந்தே பல குடும்பத் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பலாம். தான் எவ்வளவு முக்கியமான சாட்சி என்பது அவருக்கே தெரியும், மிச்சிகனில் உடன் படித்த தோழிக்கு எழுதிய கடிதத்தில் அதை வெளிப்படையாகவே சொல்கிறார். தன் கையால் பிறந்த குழந்தைகளின் அப்பாக்களைக் காட்டிக்கொடுப்பதா, நீதிமன்றத்தில் பொய் சொல்வதா, வாய் திறக்காமல் சிறைக்குப் போவதா? நாலாவது வழி கப்பல். 1886 வசந்த காலத்தில் ஆறேழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனைவியைக் கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியுமா?

சட்டப்படியான மனைவியை முடியாது. ஆனால் நாலாவது தாரத்தைச் சட்டம் மனைவியாகவே ஏற்கவில்லையே! மனைவிக்குரிய உரிமை எதுவும் இல்லை என்று சொன்ன அதே சட்டம், "நீ மனைவி இல்லை, அதனால் வந்து சாட்சி சொல்" என்று அழைக்கவும் செய்தது. மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு. 1883இல் பெல் ஹாரிஸ் என்ற இளம்பெண் விசாரணைக் குழுவின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காகக் கைக்குழந்தையோடு சிறையில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தார். மார்த்தா கிளம்பியபோது இதெல்லாம் ஊரறிந்த செய்தி.

ஆங்கஸ் சிறைக்குப் போனாரா?

போனார். 1885 ஜனவரியில் கைது, வசந்தத்தில் தண்டனை: ஆறு மாதச் சிறை, 300 டாலர். வழக்கு மார்த்தாவைப் பற்றியதே அல்ல, மற்ற இரண்டு மனைவிகளைப் பற்றியது. புதுச் சட்டம் வந்ததும் அவர்களோடு தாம்பத்திய உறவை நிறுத்திவிட்டதாகவும், ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் வைத்துச் சோறு போட்டுவந்தது கடமைக்காகத்தான் என்றும் அவர் தரப்பு வாதாடியது. மேல்முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1885 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: படுக்கையறையில் என்ன நடந்தது என்பது எங்களுக்கு வேண்டாம், இருவரையும் மனைவிகளாக ஊருக்குக் காட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார், அது போதும்.

இந்தத் தீர்ப்பின் விளைவு பயங்கரமானது. மனைவியைப் பார்க்கப் போவது, அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு நடப்பது எல்லாமே குற்றத்துக்கு ஆதாரமாகிவிட்டது. அடுத்த சில வருடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை போனார்கள். அண்ணன் ஜார்ஜும் 1888இல் போனார்; கோடுபோட்ட சிறை உடையில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. மார்த்தா கப்பலேறியது இந்தத் தீர்ப்பு வந்த சில மாதங்களில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் எங்கே இருந்தார்?

பெரும்பாலும் உறவினர் வீடுகளில். ஒரே இடத்தில் நிலையாக இல்லை. நடுவே பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனார். ஆஸ்பத்திரிகளைப் போய்ப் பார்த்தார், டாக்டர் புத்தி சும்மா இருக்குமா. மொத்தம் இரண்டு வருடம் போல இந்த அலைச்சல்.

வெளியிலிருந்து பார்த்தால் ஐரோப்பிய உல்லாசப் பயணம் மாதிரித் தெரியலாம். கையில் காசு குறைவு, மடியில் குழந்தை, கணவன் யார் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்க வேண்டும். சொந்த உழைப்பில் சம்பாதித்துப் பழகிய ஒரு பெண் அடுத்தவர் வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கடிதத்துக்குக் கடிதம் தெரிகிறது. ஆனாலும், சொந்த ஊரில் பதுங்கிப் பதுங்கி வாழும் கைதியாக இருப்பதைவிட, அந்நிய மண்ணில் அந்நியளாகத் தலைநிமிர்ந்து நடப்பதே மேல் என்று எழுதியவரும் அவரேதான்.

அந்தக் காலத்தில் கடிதம் போய்ச்சேர எவ்வளவு நாள் ஆகும்?

1869இல் கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை முடிந்துவிட்டதால் சால்ட் லேக் சிட்டியிலிருந்து நியூயார்க் சில நாள் பயணம்தான். அங்கிருந்து நீராவிக் கப்பலில் இங்கிலாந்து ஒரு வாரம், பத்து நாள். ஆக, எழுதியதற்குப் பதில் கையில் கிடைக்க எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஒரு மாதம் ஓடிவிடும். கடலடித் தந்திக் கம்பி இருந்தது, ஆனால் தந்தி என்றால் நாலு கைகள் வழியாகப் போகும், ஒளிந்திருப்பவர்களுக்கு ஒத்துவராது.

சண்டைகளைப் படிக்கும்போது இந்த ஒரு மாதத்தை மறக்காதீர்கள். மார்த்தா கோபமாக ஒன்று எழுதுவார், மனசு ஆறி அடுத்தது அன்பாக எழுதுவார், அதன்பிறகுதான் முதல் கோபத்துக்கு ஆங்கஸின் பதில் வந்து சேரும். ஆறிப்போன புண்ணைக் கப்பல் மறுபடி கிளறும். தொகுப்பில் வரிசையாகப் படிக்கும் நமக்கு அவர் மனம் நிலையில்லாதவர் போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொந்தப் பெயரில்தான் எழுதினார்களா?

இல்லை, பொய்ப் பெயர்களில். கடிதம் வழியில் பிரிக்கப்பட்டாலோ, வீட்டைச் சோதனை போடும்போது மார்ஷல் கையில் சிக்கினாலோ அதுவே நீதிமன்றத்தில் ஆதாரமாகிவிடும். அந்தக் காலத்து மார்மன் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் மாற்றுப் பெயர்களிலும் மறைபொருளாகவும் எழுதிக்கொண்டன. அதனால் இந்தக் கடிதங்களில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது முதல் வாசிப்பில் குழப்பும். பதிப்பாசிரியர்களின் அடிக்குறிப்பு இல்லாமல் படிப்பது சிரமம்.

கடிதங்களில் அப்படி என்ன இருக்கிறது?

குழந்தை, பணம், உடம்பு, ஊர் வம்பு, ஏக்கம், சந்தேகம். எந்தக் கணவன் மனைவிக் கடிதத்திலும் இருப்பவைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு சுருதியில் ஒலிக்கிறது.

குழந்தையைப் பற்றி எழுதும்போது, அப்பாவின் முகமே தெரியாமல் வளர்கிறாளே என்ற பதைப்பு. பணத்தைப் பற்றி எழுதும்போது, அவருக்குப் பல குடும்பங்கள் என்பது தெரிந்தும் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமும் எரிச்சலும். மதத்தைப் பற்றி எழுதும்போது, இது கடவுளின் ஏற்பாடு என்ற நம்பிக்கை மட்டும் இல்லாவிட்டால் இந்த வாழ்க்கையைத் தாங்கவே முடியாது என்ற பொருளில் எழுதுகிறார். நம்பிக்கையை ஊன்றுகோலாகப் பிடித்திருக்கிறார், அதே வரியில் அந்த ஊன்றுகோல் எவ்வளவு கனக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்.

அலைச்சலின் கடைசிக் கட்டத்தில், 1888இல் எழுதிய ஒரு கடிதப் பகுதியைத்தான் எல்லா வரலாற்றாசிரியர்களும் மேற்கோள் காட்டுவார்கள். தனக்கென்று ஒரு வீடு வேண்டும், தன்னுடையவர் என்பதால் தன்னுடையவராக இருக்கும் ஒரு கணவர் வேண்டும், பிள்ளைகள் கூடவே இருந்து பழகி அறிந்த ஒரு அப்பா வேண்டும், வாழ்க்கையை வாழத்தகுந்ததாக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் வேண்டும், இதெல்லாம் புயலில் அடிபட்ட இந்த நாடோடிக்குக் கிடைக்குமா அல்லது நிறைவில்லாத பெண்களின் பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தியாகச் சேர வேண்டியதுதானா என்று கேட்கிறார். பொதுமேடையில் இந்தக் குரலை அவர் ஒருநாளும் எழுப்பியதில்லை.

சக்களத்திகளைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

எழுதாமல் இருப்பாரா. மூத்தவர்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரிகள், சாராவும் அமாண்டாவும். இருவரையும் ஆங்கஸ் 1858இல் ஒரே நாளில் மணந்தவர். மூன்றாமவர் கிளாரா, ஒரு விதவை. இவர்களெல்லாம் மார்த்தா வருவதற்கு முன்பே இருந்தவர்கள், அதில் பெரிய வருத்தம் இல்லை. தனக்குப் பின்னால் வந்தவர்கள்தான் அவரைச் சுட்டார்கள். மார்த்தாவுக்குப் பிறகும் ஆங்கஸ் இரண்டு பேரை மணந்தார், மொத்தம் ஆறு.

தான் கண் காணாத தேசத்தில் கிடக்கும்போது புதிதாக வந்தவள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற எண்ணம் அவரை அரித்திருக்கிறது. பொறாமைப்படக் கூடாது என்று மதம் சொல்கிறது, அவரும் அப்படித்தான் நினைக்க முயல்கிறார், முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஆங்கஸுக்கு எழுதிய ஒரு குறிப்பில் முயற்சியையும் விட்டுவிட்டார்: பட்டப்பகலில் பளபளக்கும் வண்டியில் இன்னொரு மனைவியை ஏற்றிக்கொண்டு என் எதிரே போகிறீர்களே, எனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள், என் கையில் காசே இல்லை, பழைய கடனைத் தீர்க்கக் கடன் வாங்குகிறேன், இவ்வளவு தியாகத்துக்குப் பிறகும் நாயைப் போல நடத்துகிறீர்கள், நம் கணக்கைச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், இதை நான் பொறுக்கமாட்டேன் என்கிற தொனி. நாடு விட்டு நாடு போய் அவரைச் சிறையிலிருந்து காத்தவளுக்கு இருட்டும் ரகசியமும், இன்னொருத்திக்குப் பகலும் வண்டியும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மார்த்தா எழுதியவைதான் அதிகம் கிடைக்கின்றன. ஏன்?

ஆங்கஸ் பத்திரப்படுத்தும் ஆள். நாட்குறிப்பும் விடாமல் எழுதினார், வந்த கடிதங்களையும் வைத்திருந்தார். அவருடைய தாள்கள் பிற்பாடு மார்மன் சபையின் ஆவணக் காப்பகத்துக்குப் போயின, அதில் மார்த்தாவின் கடிதங்களும் போயின. மார்த்தா நேர் எதிர். தன் நாட்குறிப்புகளை எரித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அவருடைய விருப்பப்படி எரித்துவிட்டார்கள்.

ஆகவே இன்று நாம் கேட்கும் மார்த்தாவின் குரல், ஒரு குறிப்பிட்ட ஆளிடம், பிரிவின் உச்சத்தில் பேசிய குரல். நோயாளிகளைப் பற்றி அன்றன்று என்ன நினைத்தார், சட்டசபையில் யாரைப் பார்த்துச் சிரித்தார், நல்ல நாட்களில் எப்படி இருந்தார் என்பதெல்லாம் சாம்பலோடு போயிற்று. கடிதங்களை மட்டும் வைத்து "வாழ்நாள் முழுக்கத் துயரத்தில் வாடியவர்" என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு முதல் காரணம் இதுதான். நல்ல நாளில் யார் உட்கார்ந்து நாலு பக்கம் கடிதம் எழுதுகிறார்கள்?

திரும்பி வந்த பிறகு என்ன செய்தார்?

மறுபடி டாக்டர் தொழில். செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1890இல் மகன் ஜேம்ஸ் பிறந்தான். அதே ஆண்டு செப்டம்பரில் சபைத் தலைவர் வில்போர்ட் உட்ரஃப் புதிய பலதார மணங்களை நிறுத்துவதாக அறிக்கை வெளியிட்டார். அதற்கு முன்பே 1887இல் எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் சபையின் சொத்தைப் பறித்து, யூட்டா பெண்களுக்கு 1870 முதல் இருந்த வாக்குரிமையையும் பறித்திருந்தது. பலதார மணத்திலிருந்து பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அந்தப் பெண்களின் ஓட்டைத்தான் பிடுங்கியது. மார்த்தா வாக்குரிமைப் போராட்டத்தில் இறங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நடந்த பெண்கள் மாநாட்டில் பேசினார். 1896 ஜனவரியில் யூட்டா மாநிலமானபோது அரசியல் சாசனத்திலேயே பெண்களுக்கு ஓட்டும் பதவிக்குப் போட்டியிடும் உரிமையும் வந்தன.

கணவனும் மனைவியும் நேருக்கு நேர் மோதியது உண்மையா?

பாதி உண்மை. 1896 நவம்பரில் சால்ட் லேக் பகுதிக்கு ஐந்து செனட் இடங்கள். தனித்தனித் தொகுதி கிடையாது, அதிக ஓட்டு வாங்கும் ஐந்து பேர் தேர்வு. ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் மார்த்தா, குடியரசுக் கட்சிப் பட்டியலில் ஆங்கஸ். கணக்குப்படி இருவருமே ஜெயித்திருக்கலாம், இருவருமே தோற்றிருக்கலாம். நடந்தது என்னவென்றால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஐந்து பேரும் ஜெயித்தார்கள். மார்த்தாவுக்கு 11,000க்கு மேல் ஓட்டு, ஆங்கஸுக்கு 8,000 சொச்சம். புகழ்பெற்ற பெண்ணுரிமைத் தலைவர் எம்மலின் வெல்ஸும் குடியரசுக் கட்சியில் நின்று தோற்றார், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஜனநாயகக் கட்சி ஆதரவு ஏடான சால்ட் லேக் ஹெரால்டு, இருவரில் திருமதி கேனன்தான் சிறந்த ஆண்பிள்ளை, அவரைச் செனட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருவாளர் வீட்டைக் கவனிக்கட்டும் என்று கேலி எழுதியது. கூண்டேறிச் சாட்சி சொல்லாமல் தப்பிக்கப் பத்து வருடம் முன்பு நாட்டைவிட்டே போனவர், இப்போது அதே கணவரைவிட ஓட்டுப்பட்டியலில் மேலே.

பேட்டியில் பலதார மணத்தைப் புகழ்ந்தாரே, கடிதத்தில் அழுகிறாரே. எது உண்மை?

தேர்தலுக்குப் பின் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியைச் சொல்கிறீர்கள். கணவனுக்கு நான்கு மனைவிகள் என்றால் ஒவ்வொருத்திக்கும் மாதத்தில் மூன்று வாரம் சுதந்திரம், ஒரே மனைவியாக இருப்பவள் படும் அடிமைத்தனத்தில் பாதிகூட அவளுக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே போட்டார் ஒரு போடு. அடுப்பையும் துணிதுவைக்கும் தொட்டியையும் தாண்டி வேறு எதையாவது சிந்திக்கும் பெண்தான் பத்துக்கு ஒன்பது நல்ல தாயாக இருப்பாள் என்பதும் அதே பேட்டியில்தான்.

பேட்டி வேஷம், கடிதம் நிஜம் என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று வாரச் சுதந்திரத்தில்தான் அவர் நோயாளிகளைப் பார்த்தார், பள்ளி நடத்தினார், ஓட்டுக் கேட்டார். தினமும் கணவனுக்குப் பணிவிடை செய்யும் ஒற்றை மனைவியாக 1880களில் ஒரு பெண் டாக்டர் இதையெல்லாம் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம். அதே மூன்று வாரம், இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஊரில் இரண்டு வருடமாக நீளும்போது வேறு பெயர் எடுக்கிறது. பேட்டியில் அவர் சொல்லும் சுதந்திரமும் கடிதத்தில் அவர் சொல்லும் தனிமையும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வந்தவை. இரண்டையும் அனுபவித்தவருக்கு ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று பொய்யாகிவிடாது. பேட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்காத வீம்பும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன், வெளியூர்ப் பத்திரிகைக்காரன் முன்னால் வீட்டுக் குறையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்.

செனட்டில் உருப்படியாக ஏதாவது செய்தாரா, பெயருக்குத்தானா?

வந்த வேகத்திலேயே மசோதாக்கள் கொண்டுவந்தார். காதுகேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி; கடைகளில் நாள்முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டம்; மாநிலச் சுகாதார வாரியம். அந்த வாரியத்தில் அவரே உறுப்பினராகவும் இருந்தார். 1898இல் வாஷிங்டனுக்குப் போய் நாடாளுமன்றக் குழு முன்னால் பெண்கள் வாக்குரிமைக்காகப் பேசினார்.

அரசியல் வாழ்க்கை ஏன் சீக்கிரமே முடிந்தது?

1899 ஏப்ரலில் கடைசி மகள் க்வெண்டலின் பிறந்தாள். பலதார மணம் நின்றுவிட்டது என்று சபை அறிவித்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது, பதவியில் இருக்கும் செனட்டருக்குக் குழந்தை! ஆங்கஸ் மறுபடி நீதிமன்றம் போய் 100 டாலர் அபராதம் கட்டினார். மூத்த மகளுக்காக நாடு விட்டுப் போன தாய், கடைசி மகளுக்காகப் பதவியை விட்டார் என்று சொன்னால் அது கொஞ்சம் சினிமா வசனம்தான். பதவிக்காலம் முடிந்தது, மறுபடி போட்டியிடவில்லை. ஆனால் அந்தப் பிறப்பு கிளப்பிய புழுதிக்குப் பிறகு போட்டியிட்டாலும் கடினம்தான்.

கடைசிவரை கணவன் மனைவியாகவே இருந்தார்களா?

விவாகரத்து ஆகவில்லை. ஆனால் பல வருடங்கள் தனித்தனியாகத்தான். ஆங்கஸ் 1915இல் இறந்தார். மார்த்தா கலிபோர்னியாவில் பிள்ளைகளோடு குடியேறி, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தார், 1932 ஜூலையில் அங்கேயே இறந்தார். உடலைச் சால்ட் லேக் சிட்டிக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

வாஷிங்டனில் சிலை வைத்தார்களாமே?

ஆமாம். நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சிலைகள். யூட்டா சார்பில் இருந்த, தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் சிலையை எடுத்துவிட்டு மார்த்தாவை வைப்பதென்று 2018இல் மாநிலச் சட்டமன்றம் முடிவெடுத்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2024இல்தான் சிலை வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. அவரை நாட்டைவிட்டு விரட்டிய எட்மண்ட்ஸ் சட்டம் நிறைவேறியதும் அதே கட்டடத்தில்தான்.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இந்தக் கடிதங்கள் 1989இல் தொகுப்பாக அச்சில் வந்தன, நூலகங்களில் தேடினால் கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாமல், முதலில் 1885 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிடுங்கள், பெரிதில்லை, இணையத்திலேயே இருக்கிறது. ஆங்கஸ் எந்த அறையில் எந்த மனைவியோடு எந்த நாளில் சாப்பிட்டார் என்று நீதிபதிகள் எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு 1886 கடிதங்களுக்குப் போனால், மார்த்தா எதற்குப் பெயரை மாற்றி எழுதுகிறார், எதற்கு ஒரு சாதாரண விசாரிப்பைக்கூடச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. பேட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படித்தால் அந்த மூன்று வார நக்கல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், கடிதங்களை அவற்றின் போக்கில் படிக்க விடாது.